சீலியாக் நோயும் குளூட்டன் இல்லாத சாப்பாடும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சீலியாக் என்று உறுதியாகி ஒன்பது வருடம் ஆகிறது. தெரிந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் புதிதாகத் தெரியவந்தால் என் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வருகிற கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு எந்தப் பரிசோதனை, என்ன மருந்து என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஒரே ஒரு பதிலைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் 5ஆவதைப் படியுங்கள்.

1. சீலியாக்னா கோதுமை அலர்ஜிதானே?

இல்லை. இரண்டிலும் கோதுமை வருகிறது, அதோடு ஒற்றுமை முடிந்தது. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இருக்கும் புரதம். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிக்கொண்டே இருங்கள். மாவுச்சத்து பால்போலக் கரைந்து போய்விடும். கடைசியில் சூயிங்கம் மாதிரி இழுபடும் ஒரு வஸ்து கையில் மிஞ்சும். பெரும்பாலும் குளூட்டன்தான் அது.

சீலியாக் உள்ளவர் இதைச் சாப்பிட்டால், அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்புகிறது. அடி விழுவதோ சொந்தச் சிறுகுடலுக்கு. குடலின் உள்சுவரில் குட்டிக் குட்டி விரல்கள்போல நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து, நாளடைவில் தட்டையாகிவிடும். சாப்பாட்டில் இருந்து இரும்பு, கால்சியம், வைட்டமின்களை உறிஞ்சுகிற இடமே அதுதான் என்பதால், எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

அலர்ஜி என்றால் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் என்று வரும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். குழந்தைகளுக்கு வரும் கோதுமை அலர்ஜி பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். சீலியாக் அப்படிப் போவதில்லை, ஆயுள் முழுக்க இருக்கும்.

2. எனக்கு வயித்துல ஒரு தொந்தரவும் கிடையாது. எனக்கு எப்படி சீலியாக் இருக்கும்?

இருக்கலாம். வயிற்றுப்போக்கும் எடை குறைவும் பாடப்புத்தக அடையாளங்கள். அவை இல்லாமலே நிறைய பேருக்கு இந்த நோய் இருக்கிறது. எனக்கு இருந்தது ரத்தசோகை மட்டும்தான். ஏழு வருடம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினேன். ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், மாத்திரையை நிறுத்தினால் இறங்கும். "பொம்பளைங்களுக்கு இது சகஜம்" என்று ஒவ்வொருவரும் சொல்ல, நானும் நம்பிக்கொண்டிருந்தேன். குடல் இரும்பை உள்ளே எடுக்கவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

காரணம் தெரியாத எலும்புத் தேய்மானம், அடிக்கடி வரும் வாய்ப்புண், கருத்தரிப்பதில் சிக்கல், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, கை கால் மரத்துப்போவது, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் கூடுதலாகக் காட்டுவது, ஓயாத களைப்பு என எந்த வேடத்திலும் இது வரும். குழந்தைகளில் உயரம் நின்றுபோவதும், நிலைத்த பற்களில் எனாமல் குறைபாடும் தடயங்கள். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்களோடு தாங்க முடியாத அரிப்பு வந்தால், அது டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் எனும் சீலியாக்கின் தோல் வடிவமாக இருக்கக்கூடும். எக்ஸிமா என்று நினைத்து வருடக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்தவர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள்.

3. இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன் வியாதிதானே? தாத்தா காலத்துல இருந்ததா?

தாத்தாவின் தாத்தா காலத்திலும் இருந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மருத்துவர் அரிட்டேயஸ் இதை விவரித்திருக்கிறார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்துதான் சீலியாக் என்ற பெயரே வந்தது. 1888இல் லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இந்த நோயைத் தெளிவாக எழுதி, குணமாக வழி இருந்தால் அது உணவு வழியாகத்தான் என்றார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட பத்தியம் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள். குணமாக்கியது வாழைப்பழம் என்று எல்லோரும் நம்பினார்கள். சாப்பிட்டது அல்ல, சாப்பிடாமல் விட்டதுதான் காரணம் என்று தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

அதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தைகள் நல மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், அங்கே பெரும் பஞ்சம். பிரெட் கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாட, சீலியாக் குழந்தைகளின் நிலைமை மட்டும் மேம்பட்டது. பிரெட் திரும்ப வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்ப வந்தது. 1950இல் தன் ஆய்வேட்டில் கோதுமையைக் குற்றவாளி என்று நிறுவினார். இந்தக் கதையை நான் யாருக்குச் சொன்னாலும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள்.

இன்றைக்கு உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கு. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

4. பரம்பரையா வருமா? என் பிள்ளைங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

மரபணுவுக்குப் பங்கு உண்டு. சீலியாக் உள்ள அனேகமாக எல்லோரிடமும் எச்.எல்.ஏ. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்ற மரபணு வகை இருக்கும். ஆனால் மொத்த மக்களில் 30 முதல் 40 சதவீதம் பேரிடம் அதே மரபணு இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்குத்தான் நோய் வருகிறது. மரபணு கதவைத் திறந்து வைக்கிறது. யாருக்கு எப்போது நோய் உள்ளே வரும் என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை. இரண்டு வயதிலும் வரலாம், அறுபதிலும் வரலாம்.

பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோருக்கு வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. எனவே அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. இன்று இல்லை என்று வந்தால் என்றைக்கும் இல்லை என்று அர்த்தமில்லை, பிறகும் சந்தேகம் வந்தால் மீண்டும் பார்க்க வேண்டும். டைப் 1 சர்க்கரை நோய், தைராய்டு தன்னுடல் தாக்கு நோய், டவுன் சிண்ட்ரோம், டர்னர் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

5. டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே கோதுமையை நிறுத்திட்டேன். நல்லதுதானே?

இந்த ஒரு தவறைத் தடுக்கத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். பரிசோதனை முடியும் வரை நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் தேடுவது குளூட்டன் சாப்பிடும்போது உடம்பு கிளப்பிவிடும் ஆன்டிபாடியை. குடலில் தேடுவது அது செய்த சேதத்தை. குளூட்டன் நின்றால் ஆன்டிபாடி குறையும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருக்கும், பரிசோதனையில் பிடிபடாது.

நான் அதைத்தான் செய்தேன். யாரோ சொன்னார்கள் என்று நானாகக் கோதுமையை விட்டேன். சில மாதத்தில் உடம்பு தேறியது. பெருமையோடு போய் ரத்தம் கொடுத்தால் "எல்லாம் நார்மல், சீலியாக் இல்லை" என்றார்கள். வேறொரு டாக்டர்தான் முதல் கேள்வியாகவே "இப்ப கோதுமை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். மறுபடியும் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். தினமும் இரண்டு துண்டு பிரெட், ஆறு வாரம். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன். பத்தாம் நாளுக்குப் பிறகு பிரெட் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே வயிறு புரளும். நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்த ஆறு வாரம் எனக்கு வந்தே இருக்காது.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். பொதுவாக நாளுக்கு 3 கிராம் குளூட்டனாவது, குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஆறு முதல் எட்டு வாரம் வரை சாப்பிடச் சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள்.

6. என்னென்ன டெஸ்ட்? எண்டோஸ்கோபி கண்டிப்பா வேணுமா?

முதல் படி ரத்தம். டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடியை அளப்பார்கள். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. (ஆன்டிபாடிகளில் ஒரு வகை) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

டி.டி.ஜி. கூடுதலாக வந்தால் பெரியவர்களுக்கு வழக்கமான அடுத்த படி எண்டோஸ்கோபி. வாய்வழியாக மெல்லிய குழாயை விட்டுச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் இருந்து துளித்துளியாகத் திசு எடுப்பார்கள், இதுதான் பயாப்சி. சேதம் திட்டுத்திட்டாக இருக்கலாம் என்பதால் ஒரு இடத்தில் எடுத்தால் போதாது. நான்கு துண்டுகளாவது, அதோடு சிறுகுடலின் ஆரம்பக் குமிழில் ஒன்றிரண்டு எடுப்பதுதான் முறை. வலி பெரிதாக இல்லை. எனக்குத் தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடித்த நிமிடம்தான் பிடிக்காத நிமிடம், மிச்சம் தூக்கத்தில் போய்விட்டது.

குழந்தைகளுக்கு விதிவிலக்கு உண்டு. டி.டி.ஜி. அளவு, இயல்பான அளவின் உச்ச வரம்பைப்போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு முறை எடுத்த ரத்தத்தில் ஈ.எம்.ஏ. என்ற ஆன்டிபாடியும் இருந்தால், பயாப்சி இல்லாமலே உறுதிசெய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தைகள் நல இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது.

7. ரத்தத்துல நெகட்டிவ். அப்ப நிம்மதியா இருக்கலாமா?

இரண்டு விஷயம் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஆமாம். ஒன்று, பரிசோதனை சமயத்தில் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா? (5ஐப் பாருங்கள்.) இரண்டு, உங்கள் மொத்த ஐ.ஜி.ஏ. சரியாக இருந்ததா? சீலியாக் உள்ளவர்களில் 100க்கு 2, 3 பேருக்கு ஐ.ஜி.ஏ. உற்பத்தியே குறைவு. அவர்களுக்கு ஐ.ஜி.ஏ. ஆன்டிபாடியைத் தேடினால் பூஜ்யம்தான் வரும். அவர்களுக்கு ஐ.ஜி.ஜி. வகைப் பரிசோதனை வேண்டும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் அறிகுறிகள் பலமாக இருந்தால், ரத்தத்தில் வராமல் பயாப்சியில் மட்டும் தெரிபவர்களும் உண்டு என்பதை டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

8. ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு. எனக்கு சீலியாக் வந்துடுச்சா?

இல்லை. 4இல் சொன்ன அந்த 30-40 சதவீதத்தில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான். இந்தப் பரிசோதனையின் பலன் தலைகீழ்: நெகட்டிவ் என்று வந்தால் சீலியாக் அனேகமாக இல்லை என்று தள்ளிவிடலாம். குளூட்டனை நிறுத்திவிட்டு, திரும்பச் சாப்பிட முடியாமல் தவிப்பவர்களுக்கு இது உதவும்.

9. சீலியாக் இல்லைன்னுட்டாங்க. ஆனா கோதுமை சாப்பிட்டா வயிறு உப்புது. நான் பொய் சொல்றேனா?

யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. சீலியாக்கும் அலர்ஜியும் இல்லாமல் கோதுமையால் தொந்தரவு வருபவர்கள் இருக்கிறார்கள். இதற்கு ரத்தத்தில் அடையாளம் எதுவும் இன்னும் கிடையாது. அவர்களில் பலருக்குக் காரணம் குளூட்டனே அல்ல, கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே பொருள் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. அவை ஒத்துக்கொள்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். இவர்கள் எனக்குத் தேவைப்படும் அளவுக்குத் துணுக்குக் கணக்கு (13) பார்க்க வேண்டியதில்லை.

10. சரி, உறுதியாயிடுச்சு. எதை எதை விடணும்?

கோதுமை, பார்லி, ரை. கோதுமைக்குப் பெயர்கள் பல: மைதா, ரவை, டியூரம், ஸ்பெல்ட், எம்மர், புல்கர், கூஸ்கூஸ் எல்லாம் கோதுமைதான். பார்லி பெரும்பாலும் 'மால்ட்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். மால்ட் பானங்கள், மால்ட் வினிகர், பீர், சில காலை உணவுத் தானியங்கள் இதில் அடக்கம். சோயா சாஸில் வழக்கமாகக் கோதுமை உண்டு. சூப் பொடி, கெட்டிக்குழம்பு, மசாலாக் கலவை, இறைச்சி உருண்டை ஆகியவற்றில் கெட்டிப்படுத்தவோ அளவைக் கூட்டவோ கோதுமை சேர்ப்பது சகஜம்.

அரிசி, சோளம், மக்காச்சோளம், கேழ்வரகு, தினை, உருளைக்கிழங்கு, பருப்பு, காய், பழம், பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. பட்டியலைப் பார்த்து உடைந்துபோய் என்னிடம் வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் படித்துக் காட்டுவேன்.

பெயர்க் குழப்பங்கள் மூன்று. ஆங்கிலத்தில் 'பக்வீட்' என்று கோதுமையின் பெயர் வந்தாலும் அது கோதுமை இனமே அல்ல, சாப்பிடலாம். 'குளூட்டினஸ் ரைஸ்' என்பது ஒட்டும் அரிசி, அதில் குளூட்டன் கிடையாது. மூன்றாவது நம் மொழியில் வருவது: ரை என்பதைச் சில இடங்களில் 'கம்பு' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ஒருவர் ஒன்றரை வருடம் கம்பைத் தொடாமல் இருந்தார். நம் கம்பு வேறு, அதில் குளூட்டன் இல்லை.

11. ஓட்ஸ் சாப்பிடலாமா? ஒருத்தர் ஆமாங்கறார், ஒருத்தர் இல்லைங்கறார்.

இருவருமே பாதி சரி. ஓட்ஸில் இருக்கும் புரதம் அவெனின், பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுவதால் சாதாரண ஓட்ஸ் பாதுகாப்பு இல்லை. கலப்படம் இல்லாதது என்று தனியாகச் சான்று பெற்ற ஓட்ஸாக இருக்க வேண்டும்.

அதையும் முதல் மாதங்களில் தொடாமல், குடல் ஆறிய பிறகு கொஞ்சமாகத் தொடங்குவது நல்லது. சிறு சிறுபான்மையினருக்குச் சுத்தமான ஓட்ஸும் ஒத்துக்கொள்ளாது. ஆஸ்திரேலியாவில் ஓட்ஸுக்குக் 'குளூட்டன் இல்லாதது' என்ற லேபிளே ஒட்ட அனுமதி இல்லை. நாட்டுக்கு நாடு பேச்சு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

12. 'கோதுமை இல்லை'னு போட்டிருந்தா வாங்கலாமா?

வாங்கக் கூடாது. கோதுமை இல்லாமல் பார்லியோ ரையோ இருக்கலாம். 'குளூட்டன் இல்லாதது' என்ற வார்த்தையைத் தேடுங்கள். அதற்குப் பன்னாட்டு உணவுத் தரக்குழுவான கோடெக்ஸ் 2008இல் வகுத்த அளவு 20 பிபிஎம். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்று அர்த்தம். அமெரிக்கா 2013இல் அதே அளவைச் சட்டமாக்கியது.

லேபிளை ஒவ்வொரு முறையும் படியுங்கள். ஐந்து வருடம் வாங்கிய பொருளின் செய்முறை ஆறாவது வருடம் மாறியிருக்கும், உறையில் மாற்றமே தெரியாது. எனக்கு நடந்தது.

13. ஒரே ஒரு வாய்தானே? கொஞ்சூண்டு சாப்பிட்டா என்ன ஆகிடும்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு துண்டு பிரெட்டில் குளூட்டன் ஏறக்குறைய 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம். நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் தொடர்ந்து போனால் குடல் சேதமாவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துண்டை 40 பங்காக நறுக்கினால் வரும் ஒரு பங்குதான் 50 மில்லிகிராம். சாப்பாட்டு மேசையில் துடைத்துத் தள்ளும் துணுக்கு அது. 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பாதிப்பு வருவதில்லை.

12இல் சொன்ன 20 பிபிஎம் எங்கிருந்து வந்தது என்பதும் இதில் புரியும். அந்த வரம்பில் உள்ள உணவை அரைக் கிலோ சாப்பிட்டால்தான் 10 மில்லிகிராம் சேரும்.

14. வீட்ல மத்தவங்க கோதுமை சாப்பிடறாங்க. எனக்குன்னு தனி அடுக்களையா கட்டணும்?

வேண்டாம். ஆனால் 13இல் வந்த துணுக்கை மனதில் வைத்துக்கொண்டு அடுக்களையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கே அடைந்துகொள்ளும்? சல்லடைக் கண்ணில், மரக் கரண்டியின் விரிசலில், மரப் பலகையின் கத்தித் தழும்பில், பிரெட் டோஸ்டருக்குள். இவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வரும் கண்ணாடியும் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். கையில் சானிட்டைசர் தடவுவதால் குளூட்டன் போகாது, கழுவத்தான் வேண்டும்.

என் விஷயத்தில் வில்லன் ஜாம் பாட்டில். ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக இருந்தும் டி.டி.ஜி. இறங்காமல் நின்றது. ஒரு காலை வெயிலில் ஜாம் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தபோது, சிவப்புக்குள்ளே பழுப்பாகப் பிரெட் துணுக்குகள் மிதந்துகொண்டிருந்தன. எல்லோரும் பிரெட்டில் தடவிய கத்தியையே திரும்ப உள்ளே விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து வெண்ணெய், ஜாம் இரண்டிலும் என் பங்குக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்ட தனிப் பாட்டில். யாருக்கும் எதையும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அடுக்களையில் ஒரு ஒழுங்கு மட்டும் வையுங்கள்: உங்கள் சாப்பாட்டை முதலில் சமைத்து மூடிவிட்டு, பிறகு கோதுமை மாவைப் பிரியுங்கள். உலர்ந்த மாவு காற்றில் பறந்து போய் எல்லாவற்றின் மேலும் படியும்.

15. நல்லா கொதிக்க வச்சா, இல்ல புளிக்க வச்சா குளூட்டன் போயிடாதா?

போகாது. குளூட்டன் கிருமி அல்ல, சூட்டில் சாவதற்கு. கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரித்தால் உருளைக்கிழங்குக்கும் ஒட்டும். புளிக்கவைத்த கோதுமைப் பிரெட்டில் குளூட்டன் கொஞ்சம் குறையலாம், நமக்குப் பாதுகாப்பான அளவுக்குக் குறையாது. காய்ச்சி வடிக்கும் மதுவும் வடித்த வினிகரும் வேறு விஷயம். வடிக்கும்போது புரதம் மேலே வராது என்பதால் அவற்றில் குளூட்டன் இருக்காது.

16. ஷாம்பு, லிப்ஸ்டிக், மாத்திரை?

தோல் வழியாகக் குளூட்டன் உள்ளே போய் சீலியாக்கைத் தூண்டாது. ஷாம்பூ பற்றிக் கவலை வேண்டாம். லிப்ஸ்டிக் உதட்டில் இருந்து வாய்க்குள் போகும் என்பதால் உட்பொருளைப் பார்த்து வாங்குகிறேன். மாத்திரைகளில் சேரும் மாவு பெரும்பாலும் மக்காச்சோளத்திலோ உருளைக்கிழங்கிலோ எடுத்தது. சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள். இதைச் சாக்காக வைத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

17. எவ்வளவு நாள்ல சரியாகும்?

உடம்பின் தெம்பு சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கும். ஆன்டிபாடி இறங்க ஆறு மாதம் முதல் இரண்டு வருடம்கூட ஆகலாம். குடல் ஆறுவது குழந்தைகளுக்கு வேகமாக நடக்கும். பெரியவர்களுக்கு ஓரிரு வருடங்கள், சிலருக்கு அதற்கும் மேல்.

ஆரம்பத்தில் பால் ஒத்துக்கொள்ளாமல் போனால் பயப்படாதீர்கள். பாலின் லாக்டோஸைச் செரிக்கும் என்சைம் அதே குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறது. அவை வளர்ந்ததும் பெரும்பாலானவர்களுக்குப் பாலும் ஒத்துக்கொள்ளும்.

18. எல்லாம் ஒழுங்கா செய்யறேன், இன்னும் வயிறு சரியாகலை.

முதலில் ஜாம் பாட்டிலைத் தேடுங்கள் (14). பெரும்பாலானவர்களுக்குக் காரணம் எங்கோ ஒளிந்திருக்கும் குளூட்டன்தான். ஒரு வாரம் வாய்க்குள் போகும் அத்தனையையும் எழுதி, இந்த நோயைத் தெரிந்த உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள். நமக்குக் கண்ணில் படாதது அவர்களுக்குப் படும்.

அப்படியும் ஒன்றும் இல்லையென்றால் லாக்டோஸ், சிறுகுடலில் பாக்டீரியாப் பெருக்கம், கணையச் சுரப்புக் குறைவு, பெருங்குடல் அழற்சியின் ஒரு வகை என்று டாக்டர் வரிசையாகப் பார்ப்பார். எவ்வளவு கண்டிப்பாக இருந்தும் குடல் ஆறாத வகை ஒன்று உண்டு, அது மிக அரிது. அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது.

19. தெரியாம சாப்பிட்டுட்டேன்! இப்ப என்ன பண்றது?

முறிவு மருந்து கிடையாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், எளிதாகச் செரிக்கும் சாப்பாடு, ஓய்வு. ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும், சிலருக்கு ஒரு வாரம் இழுக்கும். வாந்தி நிற்காமல் போனாலோ மயக்கம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். ஒருமுறை நடந்த தவறால் குடல் முதல் நாளுக்குத் திரும்பிப் போய்விடாது. எங்கே தவறியது என்று மட்டும் கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள்.

20. எனக்கு சாப்பிட்டாலும் ஒண்ணுமே ஆகறதில்லை. அப்புறம் எதுக்கு விடணும்?

கொடுத்துவைத்தவர் என்று நினைக்க வேண்டாம், உங்கள் நிலைமைதான் கஷ்டம். எனக்கு இப்போதெல்லாம் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும், உங்களுக்கு அந்த மணி அடிக்காது. அறிகுறி இல்லாதவருக்கும் பயாப்சியில் குடல் தட்டையாகத்தான் இருக்கிறது. ரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் சத்தமில்லாமல் வரும். பல வருடம் கவனிக்காமல் விட்டால் சிறுகுடலில் வரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. அது அரிது என்றாலும் தவிர்க்கக்கூடியது. உங்களுக்கு வழிகாட்டி வயிறு அல்ல, வருடாந்தர ரத்தப் பரிசோதனை.

21. வெளியில சாப்பிடறப்போ என்ன கேக்கறது? சொன்னா யாருக்கும் புரியலை.

"குளூட்டன் இல்லாமல் இருக்குமா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இதில் கோதுமை மாவு சேர்த்தீர்களா, சாஸ் என்ன, இந்த எண்ணெயில் வேறென்ன பொரித்தீர்கள், கரண்டி தனியா? பதில் சொல்பவர் "இருங்க, உள்ளே கேட்டுட்டு வர்றேன்" என்றால் நம்பிக்கை வரும். யோசிக்காமல் "ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க" என்றால் நான் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

உறவுகள்தான் இன்னும் சிரமம். என் சித்தி பிரெட்டை எடுத்துவிட்டு உள்ளே வைத்திருந்ததை மட்டும் தட்டில் வைத்து, "கோதுமையைத்தான் எடுத்துட்டேனே" என்றார். கோபித்துக்கொள்ள முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. இப்போதெல்லாம் எங்கே போனாலும் என் டப்பாவோடு போகிறேன்.

22. குளூட்டன் ஃப்ரீன்னா ஹெல்தின்னாங்க. எனக்கு வெயிட் போடுது.

குடல் ஆறி, சத்து உடம்பில் ஒட்டத் தொடங்கினால் எடை ஏறத்தான் செய்யும். ஆனால் பாக்கெட்டில் வரும் குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் கேக்கும் பிஸ்கட்டும் கேக்கும்தான். குளூட்டன் தரும் இழுவையை ஈடுகட்டக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ப்பார்கள். நார்ச்சத்து, இரும்பு, ஃபோலிக் அமிலம் பெரும்பாலும் குறைவு. அரிசியை மட்டும் பிடித்துத் தொங்காமல் சிறுதானியமும் பருப்பும் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். நோய் உறுதியான சமயத்தில் இரும்பு, வைட்டமின் டி, பி12, ஃபோலிக் அமிலம், எலும்பு அடர்த்தி ஆகியவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

23. குழந்தைக்கு லேட்டா கோதுமை கொடுத்தா வராம தடுக்கலாமா?

அப்படித்தான் ரொம்ப நாள் நம்பினார்கள். 2014இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், சீக்கிரம் கொடுத்தாலும் தாமதமாகக் கொடுத்தாலும் கடைசியில் நோய் வருவது குறையவில்லை. தாய்ப்பாலும் இதைத் தடுப்பதாகத் தெரியவில்லை. எனவே "நான் அப்போ அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால்" என்று அழும் அம்மாக்களுக்கு: உங்கள் தவறு எதுவும் இல்லை.

24. மாத்திரை, ஊசி எதுவுமே வரலையா?

சிகிச்சையாக ஒப்புதல் பெற்ற மருந்து இதுவரை இல்லை. லாரசோட்டைட் என்ற மருந்து மூன்றாம் கட்டச் சோதனை வரை போய் 2022இல் நின்றுபோனது. தடுப்பூசி வடிவில் வந்த முயற்சி 2019இல் கைவிடப்பட்டது. வேறு சில சோதனையில் இருக்கின்றன. கடையில் விற்கும் குளூட்டன் செரிக்கும் என்சைம் மாத்திரைகளை நம்பிப் பிரெட் சாப்பிடாதீர்கள். அவை அந்த வேலையைச் செய்வதாக நிரூபணமாகவில்லை.

25. ரெண்டு வருஷம் ஆச்சு, ரிப்போர்ட் எல்லாம் நார்மல். குணமாயிடுச்சு, இனிமே சாப்பிடலாம்தானே?

ரிப்போர்ட் நார்மலாக வந்ததே நீங்கள் சாப்பிடாததால். 3இல் வந்த வாழைப்பழக் குழந்தைகள் நினைவிருக்கிறதா? அவர்களில் பலரை, குணமாகிவிட்டது என்று சொல்லித் திரும்பப் பிரெட் சாப்பிட அனுப்பினார்கள். நோய் அவர்களை விட்டுப் போயிருக்கவில்லை.

இதைக் கேட்டவர் என் நண்பர். பதிலைக் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த ரிப்போர்ட் எப்ப எடுக்கணும்?" என்றார். வருடத்துக்கு ஒருமுறை.